குறை எழுதி விற்ற கார்

லிஃப்ட்காரர் தன் காரை விற்கச் சம்மதித்துவிட்டார் என்று சொன்னால் அந்தத் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்கள் புத்திசாலிகள். சம்மதித்தது அவர் வாய் மட்டும்தான். மனசு ஷெட்டுக்குள் போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டுவிட்டது.

காரணம் கண். வெளிச்சமிருந்தால் நேரே இருப்பது நன்றாகவே தெரியும். ஓரத்தில் இருப்பதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. கண் டாக்டர், காதுக்குப் பக்கத்திலிருந்து ஒரு விரலை மெல்ல முன்னால் கொண்டுவருவேன், தெரிந்ததும் சொல்லுங்கள் என்றார். லிஃப்ட்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் தெரிகிறது என்றார். டாக்டர் இன்னும் விரலை நீட்டியிருக்கவில்லை. அத்தோடு அவருடைய ஓட்டுநர் உரிமத்தின் கதை முடிந்தது.

கார் ஓடாமல் நின்றது. ஓடாமல் நிற்கிற கார் சும்மா நிற்காது, கெட்டுக்கொண்டே நிற்கும். டயர் ஒரு பக்கம் தட்டையாகும், பேட்டரி இறங்கும், ரப்பர் காய்ந்து வெடிக்கும், எலி குடும்பத்தோடு வந்து வீடு பார்க்கும். இதெல்லாம் லிஃப்ட்காரருக்குத் தெரியாதது இல்லை. தினம் காலையில் பானட்டைத் திறந்து பார்ப்பார், மூடுவார். உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போய், என்ன பேசுவதென்று தெரியாமல் போர்வையை மட்டும் சரி பண்ணிவிட்டு வருவோமே, அந்த மாதிரி.

சாயங்காலம் ஒரு பயணமும் உண்டு. டயர் தட்டையாகக் கூடாது என்ற சாக்கில் காரைக் கிளப்பி, ஷெட்டுக்குள்ளேயே ஒரு கை நீளம் முன்னால் நகர்த்துவார். கொஞ்ச நேரம் அங்கே நிறுத்திவிட்டு அதே ஒரு கை நீளம் பின்னால் கொண்டுவருவார். அவ்வளவுதான் பயணம். அவர் மனைவி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தெருவே டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கட்டிய புருஷனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பயணத்துக்கு டீச்சர் தவறாமல் வந்து முன்சீட்டில் உட்காருவார்.

"எங்க போறோம்?" என்று கேட்பார்.

"முன்னாடி."

"சரி, சீக்கிரம் திரும்பிடணும்."

இந்தக் கூத்தை ஒருநாள் மகள் பார்த்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். உடம்புக்குள் இருப்பதை உள்ளபடி காட்டுகிற வேலை. மூடி மழுப்பிப் பேச அவளுக்கு வராது. அப்பாவை அப்படிப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பாவமாக இருந்தது. இரண்டையும் வெளியே காட்டாமல் போய், பழைய கார்களுக்கென்றே இணையத்தில் ஏலம் நடத்தும் ஒரு நிறுவனத்தைத் தேடிக் கண்டுபிடித்து வந்தாள். படம் போட்டு விவரம் எழுதினால் ஒரு வாரம் ஏலம் நடக்கும். எங்கெங்கேயோ இருப்பவர்கள் பார்த்து, கேள்வி கேட்டு, விலையை ஏற்றுவார்கள். குறைந்தபட்ச விலை என்று ஒன்று உண்டு. அதைத் தொடாவிட்டால் கார் வீட்டிலேயே இருக்கும்.

அப்பாவின் முகம் தரையைத் தொடப் போவதைப் பார்த்து அவளே இறங்கிவந்தாள்.

"ஒரே ஒரு வாட்டிப்பா. அந்த விலை வரலைன்னா கார் இங்கேயே இருக்கட்டும். அதுக்கப்புறம் நானும் பேச மாட்டேன், அம்மாவும் பேச மாட்டாங்க. எலி மட்டும்தான் பேசும்."

இதில் லிஃப்ட்காரரின் காதில் விழுந்தது கார் இங்கேயே இருக்கும் என்ற இடம் மட்டும். சரி என்றார்.

குறைந்தபட்ச விலையை ஆகாயத்தில் கொண்டுபோய் வைக்கப் பார்த்தார். ஏல நிறுவனத்துப் பெண் போனில் ரொம்ப மரியாதையாக, அந்தத் தொகைக்குக் காரோடு ஒரு ஷெட்டும் வீடும் சேர்த்தே வாங்கிவிடலாம் சார் என்றாள். மகள் குறுக்கே புகுந்து நியாயமான விலையில் நிறுத்தினாள். போனை வைப்பதற்கு முன் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். "வாங்கறவங்க பெரும்பாலும் நேர்ல வந்து பாக்க மாட்டாங்க சார். அதனால குறை எதுவா இருந்தாலும் மறைக்காம எழுதிடுங்க."

லிஃப்ட்காரர் முகத்தில் பல்பு எரிந்தது. ஏன் எரிந்தது என்று மகளுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டுமென்றால் அவர் பார்த்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடமும் அவரும் ஒருவரையொருவர் சகிக்க முடியாமல் பாதியில் பிரிந்தார்கள். லிஃப்ட் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து மெக்கானிக் ஆனார். பாதி வாழ்க்கை லிஃப்ட் இறங்குகிற இருட்டுக் குழிக்குள்ளும் மீதி வாழ்க்கை மொட்டைமாடி மோட்டார் அறையிலும் போயிற்று. நடுவிலிருந்த மாடிகளில் மற்றவர்கள் வாழ்ந்தார்கள். கம்பிக் கயிறு, பிரேக், கதவு, பட்டன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து, கண்ட குறையை எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் கட்டடக்காரர் மனம் கோணாமல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் எழுத உட்கார்ந்தால் காகிதம் பற்றாது. ஐந்தாம் மாடி பட்டனை அமுக்கினால் உள்ளேயே தங்கிவிடுகிறது. மின்விசிறி முனகுகிறது. கதவு மூடுகிறபோது, கடைசியில், மறந்துபோன எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி ஒரு கணம் நிற்கிறது. குறைகள் சேர்ந்துவிட்டால் லிஃப்ட்டைப் பூட்டிப் பலகை மாட்டிவிடுவார். அவர் கையெழுத்துப் போட்டால் ஜனங்கள் லிஃப்ட்டில் ஏறலாம். குறை எழுதினால் படியில் ஏறலாம். கட்டட முதலாளிகள் டீ வாங்கிக் கொடுத்துக் கெஞ்சுவார்கள். டீயைக் குடித்துவிட்டு எழுதுவார்.

ஆக, அவர் அறிந்த உலகத்தில் ஒரு எந்திரத்தை யாரும் தொடாமல் இருந்த இடத்திலேயே நிறுத்திவைக்க ஒரே வழிதான் உண்டு. குறையை எழுத வேண்டும், ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். அந்தப் பெண் தெரியாத்தனமாக அவர் கையிலேயே பூட்டையும் பலகையையும் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் படம் எடுக்க வந்தாள். ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெளிறிய பச்சை. நாலு கதவு, இரண்டு உருண்டை விளக்கு. முன்னால் நின்று பார்த்தால், யாரோ பெயரைக் கேட்டு அது சட்டென்று மறந்துபோன மாதிரி ஒரு முகம். அதைத் தயாரித்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடியாகிவிட்டது. தகவல் இன்னும் காருக்கு வந்து சேரவில்லை. மகள் கேமராவைத் தூக்கியதும் பழக்கதோஷத்தில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். கார் எப்போதும் போல அசையாமல் நின்றது. லிஃப்ட்காரர்தான் பிடித்துக்கொண்டார்.

அவள் நல்ல கோணமாகத் தேடினாள். அவர் அவள் கையைப் பிடித்து, துரு எங்கே, கீறல் எங்கே, கிழிசல் எங்கே என்று வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். சொந்தக் குழந்தையின் சொத்தைப் பல்லை விருந்தாளிக்கு வாயைத் திறந்து காட்டுகிற அப்பாவை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். முதல் குறை இடது பின்கதவு. சும்மா தள்ளினால் மூடாது, முழங்காலால் தூக்கித் தள்ள வேண்டும்.

அதை ஏன் சரி செய்யவில்லை என்று அவர் எழுதவில்லை. டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டு விடைத்தாளோடு லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். லிஃப்ட்காரர் ஓடிவந்து, உள்ளே இருப்பவர் பயந்துபோகாமல் இருக்கட்டும் என்று கதவிடுக்கில் வாயை வைத்து ஆறுதல் சொன்னார். நான் ஒன்றும் பயப்படவில்லை, இன்னும் கொஞ்சம் தாள் பாக்கி இருக்கிறது, திருத்தி முடித்ததும் திறங்கள் என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவரும் வெளியே உட்கார்ந்து காத்திருந்தார். அந்த வருஷம்தான் அதே கட்டடத்தில் இருந்த ஒரு பல் டாக்டரம்மா ஊரைவிட்டுப் போகிறபோது இந்தக் காரை லிஃப்ட்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் தடவை காரில் ஏறிய டீச்சர் மரியாதையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தார். கதவு மூடவில்லை. வழி நெடுகக் கையால் பிடித்துக்கொண்டே வந்தார். அடுத்த தடவை, பின்னால் கதவு சரியில்லை என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அப்படி ஒரு உபகாரம் செய்த கதவைச் சரி செய்ய எந்த மெக்கானிக்குக்கு மனசு வரும்?

இரண்டாவது, வலது முன் மட்கார்டு. கார் முழுக்கத் தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட்; இந்த ஒரு இடம் மட்டும் பிறகு அடித்தது, வெயிலில் பார்த்தால் பச்சை கொஞ்சம் வேறாகத் தெரியும். 'வாசல் தூணில் மோதியது. ஓட்டியவருக்கு அடியில்லை, தூணுக்கு உண்டு' என்று எழுதினார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்த டீச்சர் அந்த வரியில் நின்றார். "ஓட்டினவங்க பேரைப் போடாம விட்டதுக்கு நன்றி," என்றார். தூண் நகர்ந்தது என்பதே இன்றுவரை அவர் கட்சி. அன்றைக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

மூன்றாவது, பின்சீட்டுக் கறை. 'எங்கள் மகள் சின்ன வயதில் வாந்தி எடுத்தது. அவள் வளர்ந்து வேலைக்கே போய்விட்டாள். கறை அங்கேயே இருக்கிறது.' உலகம் முழுக்கப் படிக்கப் போகிற இடத்தில் இது தேவையா என்று மகள் சண்டைக்கு வந்தாள். மறைக்கக் கூடாது என்று உத்தரவாகியிருக்கிறதே என்று அவர் பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

இன்னும் எழுதினார். கூரைத் துணியில் ஓட்டை, இரும்புச் சட்டம் ஏற்றிப் போனபோது விழுந்தது. ஸ்டியரிங்கை முழுசாக இடது பக்கம் ஒடித்தால், மழை நாளில் மட்டும், ஹார்ன் தானாக அடிக்கும். ஈரமான நாளில் உள்ளே லிஃப்ட் கிரீஸ் வாசனை வரும், எதைப் போட்டாலும் போகாது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவருக்கே அந்தக் காரில் ஏறப் பயமாக இருந்தது. திருப்தியாகத் தூங்கப் போனார்.

மறுநாளே ஏலம் சூடு பிடித்துவிட்டது.

அந்தத் தளத்தில் ஆளாளுக்கு ஒரு புனைபெயர். 'எண்ணெய்க்கை' என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: "சொல்லாத குறைதான் பயம். இவர் கூரை ஓட்டைக்குக்கூடக் காரணம் சொல்றார். இந்த வண்டிய நம்பலாம்." எழுதியதோடு நில்லாமல் விலையையும் ஏற்றியிருந்தார். 'ஞாயிறு டிரைவர்' என்பவர், தயவுசெய்து அந்த கிரீஸ் வாசனையை யாரும் போக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு இன்னும் ஏற்றினார். ஒரு ஆள் மழையில் ஹார்ன் அடிப்பதை வீடியோவாகக் கேட்டார்.

'பழைய டயர்' என்று ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் மட்டம் தட்டினார். இவ்வளவு ஓட்டை இருக்கிறதை எதற்கு ஏலத்தில் போட வேண்டும், எடைக்குப் போட வேண்டியதுதானே என்று கேட்டார். லிஃப்ட்காரருக்கு அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருவர்தான் விவரம் தெரிந்தவராகப் பட்டது.

டீச்சர் காலைக் காபியோடு விலையையும் வாசித்துக் காட்டுவார். "உங்க குறைக்கு நல்ல கிராக்கி," என்பார். லிஃப்ட்காரர் காபி ஆறிப்போய்விட்டது என்பார். அது ஆறியிருக்காது.

விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். துருப்பிடித்த அடித்தகட்டைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டார். அடியில் பார்க்க முடிந்ததே பெரிய விஷயம் என்று பாராட்டினார்கள். காலையில் குளிர்ந்த என்ஜின் கிளம்புகிற வீடியோ வேண்டும் என்று கேட்டார்கள். இதில்தான் அவர் நம்பிக்கை முழுவதையும் வைத்தார். காலையில் அந்தக் காரைக் கிளப்புவது, பரீட்சைக்குப் போகப் பிடிக்காத பிள்ளையை எழுப்புகிற மாதிரி. சோக்கை இழுக்க வேண்டும், விட வேண்டும், காத்திருக்க வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும். மகள் கேமராவைப் பிடித்தாள். அவர் சாவியைத் திருப்பினார். கார் முதல் திருப்பிலேயே, கூப்பிட்டீர்களா என்பது போலக் கிளம்பிற்று.

"துரோகி," என்று அவர் முணுமுணுத்தது வீடியோவில் பதிவாகிவிட்டது. அதையும் ரசித்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர் பயணத்துக்குப் போகவில்லை. என்ஜினைக் கிளப்பாமலே டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கின் மேல்பகுதியில், கை எப்போதும் இருக்கிற இடத்தில், கறுப்பு தேய்ந்து பளபளப்பாக இருந்தது. உள்ளங்கையை அங்கே வைத்தால் சரியாக உட்கார்ந்தது. அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ராத்திரியில் யாரோ லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு, ஓடிப்போய் இறக்கிவிட்டு, விடிகிற நேரத்தில் காலியான சாலையில் ஜன்னலை இறக்கிவிட்டுத் திரும்பி வருவாரே, அந்த மாதிரி ஒரு தடவை. தெருமுனை வரைக்கும் போதும். தெருமுனையில் சைக்கிளில் பிள்ளைகள் வருவார்கள். ஓரத்திலிருந்து வருவார்கள். ஓரம்தான் அவரிடம் இல்லையே. எழுந்து உள்ளே போனார்.

கடைசி நாள் வந்தது. மாலை நாலு மணிக்கு ஏலம் முடியும். ஏறிக்கொண்டே வந்த விலை, குறைந்தபட்ச விலைக்கு ஒரு படி கீழே வந்து அப்படியே நின்றுவிட்டது. மதியம் தாண்டியும் நகரவில்லை. மகள் வேலையில் இருந்தாள். டீச்சர் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் ஷெட்டில் ஸ்டூலைப் போட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றுபோன லிஃப்ட்டைப் பார்க்கிற சந்தோஷத்தோடு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எண்ணெய்க்கை கேட்டார்: "ஒரே ஒரு சந்தேகம். என்ஜின் இந்தக் காரோட பிறந்ததா, நடுவுல மாத்தினதா? படத்துல என்ஜின் நம்பர் மேல கிரீஸ் மூடியிருக்கு. அது மட்டும் தெரிஞ்சா முடிவு பண்ணிடுவேன்."

நியாயமான கேள்வி. பிறந்த என்ஜினோடு இருக்கிற கார் வேறு, எங்கிருந்தோ வந்த என்ஜினைச் சுமக்கிற கார் வேறு. விலையும் வேறு. பிறந்த என்ஜின்தான், அவருக்குத் தெரியாதா? ஆனால் அவர் பொய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் முழுசாகத் தேர்ச்சி பெற்ற ஒரே கலை அது.

போனை மடியில் கவிழ்த்து வைத்தார். ஷெட்டுக் கூரையைப் பார்த்தார். மணி மூன்றரையைத் தாண்டியது. திருப்பிப் பார்த்தார். விலை அதே இடத்தில் நின்றது. கேள்விக்குக் கீழே பழைய டயர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"பதில் வராது பாருங்க. என்ஜின் எங்கயாவது பொறுக்கினதா இருக்கும். மேல பச்சை பெயிண்ட், உள்ள பூரா ஒட்டுப் போட்ட தகர டப்பா. பெரிசு நல்லா கதை எழுதுது."

பெரிசு என்றது அவருக்கு உறைக்கவில்லை. கதை எழுதுது என்றதும் உறைக்கவில்லை. ஒரு வாரமாக அதைத்தானே செய்கிறார். தகர டப்பா என்ற இடத்தில் அவர் எழுந்துவிட்டார். ஸ்டூல் பின்னால் சாய்ந்தது.

பானட்டைத் திறந்தார். கந்தல் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, குனிந்து, என்ஜின் பக்கவாட்டில் கட்டியாகப் படிந்திருந்த கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்கத் திட்டினார். யாரைப் பார்த்துத் தகர டப்பா என்றாய், வாந்தியைச் சொன்னேன், துருவைச் சொன்னேன், ஓட்டையைச் சொன்னேன், மாற்றியிருந்தால் அதையும் சொல்லியிருக்க மாட்டேனா. பழைய டயர் எத்தனை தூரத்தில் இருந்தாரோ, அவருக்குக் காது அடைத்திருக்க வேண்டும். உலோகம் தெரிந்தது. எண் தெரியவில்லை. அந்த மங்கலான மூலையில் தேய்ந்த எழுத்தைப் படிக்கிற கண் அவரிடம் இல்லை.

"டீச்சர்," என்று குரல் கொடுத்தார்.

டீச்சர் டார்ச்சோடு வந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. குனிந்து வெளிச்சம் அடித்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். காரின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எண் லிஃப்ட்காரருக்கு மனப்பாடம்; டீச்சர் ஒன்றைச் சொல்வதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார். கணக்கு டீச்சருக்கே ஒப்பித்து, ஒரு தப்பும் இல்லாமல் முடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. டீச்சர் படம் எடுத்தார். அதைப் போட வேண்டிய பக்கத்தைத் திறந்தார். திறந்தவர், விரலை மேலேயே நிறுத்திக்கொண்டார்.

"போட்டா போயிடும்," என்றார்.

"தெரியும்."

"பேசாம விட்டா இன்னும் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும். பொண்ணுகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். இந்த ஒரு வாரமும் தன் திருட்டுத்தனத்தை இவர் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிழையைத் திருத்திக் கொடுத்தவரே அவர்தானே.

"உனக்கும் இது போக வேணாமா டீச்சர்?"

டீச்சர் டார்ச்சை அணைத்தார். "முன்னாடி போய்ட்டு அப்படியே பின்னாடி வர்ற வண்டியில, வேலை வெட்டி இல்லாமயா தினம் ஏறி உக்காந்தேன்?"

லிஃப்ட்காரர் கந்தல் துணியை மடித்தார். மடிக்கத் தேவையில்லாத துணி. மறுபடியும் மடித்தார். போட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்குச் சாயங்காலம் இருவரும் ஒரு கை நீளம் போய்வரலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"தகர டப்பான்னு எழுதிட்டான் டீச்சர்," என்றார். "அது அங்கேயே நிக்கும். நாளைக்கு யார் வந்து பாத்தாலும் அதைத்தான் படிப்பாங்க." பிறகு, காரைப் பார்க்காமல், "போடு," என்றார்.

டீச்சர் படத்தைப் போட்டார். கீழே தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார்: 'என்ஜின் இதனுடையதுதான். எண்ணை மேலே உள்ள பதிவுப் புத்தகப் படத்தோடு சரிபார்த்துக்கொள்ளவும்.'

சரிபார்க்கிற நேரம்தான் ஆயிற்று. எண்ணெய்க்கை ஏற்றினார். குறைந்தபட்ச விலை எட்டப்பட்டது என்று பச்சையில் எழுத்து வந்தது. ஞாயிறு டிரைவர் விடவில்லை. முடிகிற நேரத்தில் யாராவது ஏற்றினால் கடிகாரம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும் என்பது அங்கே விதி. அதனால் நாலு மணி நாலு மணியாக முடியாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. நடுவில் பழைய டயரே ஒரு தடவை விலை கேட்டுவிட்டுக் காணாமல் போனார். லிஃப்ட்காரர் அதைப் பார்த்துக் காறித் துப்பப் போய், ஷெட் என்பதால் விழுங்கிக்கொண்டார். ஒவ்வொரு தடவை கடிகாரம் நீளும்போதும், அவ்வளவு நேரம் கார் தன்னுடையது என்று அவருக்கு ஒரு அல்ப சந்தோஷம். கடைசியில் யாரும் ஏற்றவில்லை. எண்ணெய்க்கைக்கு முடிந்தது. டீச்சர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்.

எண்ணெய்க்கை ஒரு பெண்மணி. தையல் மெஷின் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவர். அடுத்த வாரம் ட்ரக்கோடு வந்து இறங்கினார். லிஃப்ட்காரர் சொல்ல வேண்டியதையெல்லாம் யோசித்து வைத்திருந்தார். சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், எந்த மேட்டில் எந்த கியர், கதவை எப்படிச் சாத்த வேண்டும். அந்தம்மா வந்ததும் வராததுமாக இடது பின்கதவைத் திறந்து, முழங்காலால் தூக்கித் தள்ளினார். கதவு சமர்த்தாக மூடிக்கொண்டது. யோசித்து வைத்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

தெருவில் நின்ற ட்ரக் வரைக்கும் அந்தம்மா ஓட்டினார். வாங்க சார், கூட உட்காருங்கள் என்றார். லிஃப்ட்காரர் அந்தக் காரில் முதல் தடவையாகப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். தெரு வேறு மாதிரி இருந்தது. வீட்டு வாசல்கள் கிட்டத்தில் வந்து வந்து போயின, எதிர்வரிசையைக் காணவில்லை, காலுக்கடியில் அமுக்க ஒன்றும் இல்லை. டீச்சர் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டு வந்தது இந்தத் தெருவைத்தான் போலிருக்கிறது. ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே என்று நினைத்துக்கொண்டார். அதற்குள் ட்ரக் வந்துவிட்டது.

ஏற்றிக் கட்டி, தார்ப்பாய் போட்டு, ட்ரக் தெருமுனை திரும்புகிற வரைக்கும் இருவரும் வாசலில் நின்றார்கள். மகள் போன் செய்து, போயிடுச்சாப்பா என்று கேட்டாள். நல்லபடியாகப் போயிற்று என்றார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, அடுத்த நோயாளி வந்தாயிற்று என்று வைத்துவிட்டாள்.

ஷெட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் சுவிட்ச் பின்சுவரில் இருக்கிறது. அந்த ஷெட் காருக்கு அளவெடுத்துக் கட்டினது. காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற இடம்தான். லிஃப்ட்காரர் அணைக்கப் போனார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, முதுகைச் சுவரில் ஒட்டி, கைகளை மேலே தூக்கிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து பின்சுவருக்குப் போய்ச் சேர்ந்தார். எதிரே வெறும் தரை, எண்ணெய்ச் சொட்டு விழுந்த கறுப்பு வட்டம், நாலு டயர் நின்ற தடம்.

சுவிட்சில் கையை வைத்துத் திரும்பியபோது டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

"வர்றப்பவாவது நடுவுல நடந்து வாங்க," என்றார்.

லிஃப்ட்காரர் விளக்கை அணைத்தார். வாசல் வெளிச்சம் தரை முழுக்க விழுந்திருந்தது. ஒரு காலை எடுத்து நடுவில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு, போன வழியிலேயே, சுவரோரமாக, காரின் கதவில் பட்டுவிடாமல், வந்து சேர்ந்தார்.